பட்டாளக்காரன் காது

(கொடிநாளை ஒட்டி, தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன இரண்டு மூன்று விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கடைசியில் கேள்வி கேட்க நினைப்பவர்கள் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். என் வலது காது பெரும்பாலும் போய்விட்டது. இடது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். கூட்டத்தின் பின்னாலிருந்து வரும் குரல் எனக்குச் சத்தமாகத்தான் வந்து சேரும், சொல்லாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று வருஷமாகத்தான் பழகியிருக்கிறேன். அதற்கு முன்னால், கேட்டதுபோலத் தலையாட்டிவிடுவேன். அப்படித் தலையாட்டி எத்தனையோ பேர் மனம் நோகும்படி ஆகியிருக்கிறது.

நூலகத்துத் தம்பிமார் வீட்டுக்கு வந்து, "டிவியில் ஓயாமல் ராணுவச் செய்தி வருகிறது, பட்டாளத்தில் இருந்தவர் என்ற முறையில் அதைப் பற்றிப் பேசுங்கள் மாமா" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து குறிப்பு எழுதினால், ஏவுகணை, எல்லை, சீனா, பாகிஸ்தான் என்று நாலு வரிக்கு மேல் போகவில்லை. அதையெல்லாம் என்னைவிடப் படித்தவர்கள் சொல்வார்கள். நான் இருபத்துநாலு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவன். 1985-ல் சேர்ந்தேன், 2009-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்த ராணுவச் செய்தி என் உடம்பில்தான் இருக்கிறது. அதனால் இன்றைக்கு என் காதைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் பேசப்போகிறேன். தம்பிமார் கேட்ட செய்தி அதற்குள்ளேயே வந்துவிடும்.

காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். பட்டாளத்தை விட்டுப் பதினாறு வருஷம் ஆகியும் அது மாறவில்லை. கண்ணைத் திறக்கும் முன்பே காதுக்குள் இரைச்சல் இருக்கும். மழை விட்ட சாயங்காலம் ரப்பர் தோட்டத்தில் சில்வண்டு கூட்டமாகக் கத்துமே, அந்தச் சத்தம். உங்களுக்கு அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எனக்கு 1999-லிருந்து அடங்கவில்லை. பகலில் பஸ், மிக்ஸி, ஆள் பேச்சு என்று மற்றச் சத்தங்கள் அதை மூடிக்கொள்ளும். விடியற்காலையில் அது ஒன்றுதான் இருக்கும்.

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு சின்ன முகக்கண்ணாடியைப் பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பேன். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் உடனே தெரியாது. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். பட்டாளத்தில் ரூட் மார்ச் முடிந்து வந்ததும் எல்லோரும் பூட்ஸைக் கழற்றி வரிசையாகக் காலைக் காட்டுவோம், கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது அந்தப் பார்வையிடலை எனக்கு நானே நடத்திக்கொள்கிறேன். பிறகு மாத்திரை. மெட்பார்மின், பிரஷருக்கு டெல்மிசார்டன், முழங்கால் வலி தாங்காத நாளில் இன்னொன்று. எங்கள் ரப்பர் தோட்டம் சரிவில் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்வரை நானே கத்தியெடுத்துப் பால்வெட்டுவேன். மேலே ஏறுவது இப்போதும் பரவாயில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு இது. கிழங்கை வாரம் ஒருதடவை நாலு துண்டு என்று நிறுத்தியதுதான் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் அறுபது தாண்டிய எந்த ஆணைக் கேட்டாலும் இதில் பாதியைச் சொல்வார். என் காது விஷயம் மட்டும் வேறு.

1999 ஜூன், கார்கில் சண்டை. நான் அப்போது நாயக். எங்கள் ரெஜிமென்ட் திராஸ் பக்கம் இருந்தது. போபர்ஸ் பீரங்கி, 155 மில்லிமீட்டர். குண்டு ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல் எடை. திராஸ் பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம். கையை வீசிக்கொண்டு நடந்தாலே மூச்சு வாங்கும். அந்த இடத்தில் லாரியிலிருந்து குண்டு இறக்குவதும், சுமப்பதும், அடுக்குவதும் எங்கள் தோளில்தான். ஜூன் 13-ல் தோலோலிங் மலையைப் பிடித்தார்கள், ஜூலை 4-ல் டைகர் ஹில். மேலே ஏறிப் போனவர்கள் காலாட்படைப் பிள்ளைகள். அவர்கள் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பாறைகளைக் கீழேயிருந்து அடித்துக்கொண்டே இருப்பது எங்கள் வேலை.

அந்தச் சண்டையில் பீரங்கிப் படை ஏறக்குறைய இரண்டரை லட்சம் குண்டும் ராக்கெட்டும் சுட்டது. சுமார் 300 பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ராக்கெட் லாஞ்சர்களும் நாளொன்றுக்கு 5,000 என்று சுட்டன. டைகர் ஹில் விழுந்த நாளில் மட்டும் 9,000. அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்த கணக்கு இது. படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பீரங்கியைச் சுற்றியும் ஐந்தாறு பேர் நின்றோம். பத்துப் பன்னிரண்டு காது. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

பக்கத்தில் நிற்கிறவனுக்கு பீரங்கிச் சத்தம் காதில் கேட்பதாகவே தோன்றாது. நெஞ்சில் ஒரு குத்து, பல் கூசும், காலடி மண் ஒரு விரற்கடை எழும்பி விழும். காதில் பஞ்சு திணித்துக்கொள்வோம். ஆர்டர் சரியாகக் கேட்கவில்லை என்றால் குறி தப்பிவிடும், நம் ஆள் மேலேயே குண்டு விழும். அந்தப் பயத்தில் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிடுவோம். நான் நின்ற இடத்தில் வலது காதுதான் பீரங்கிப் பக்கம். முதல் நாள் ராத்திரி, குளத்தில் முங்கியவன் காதுபோல அடைத்துக்கொண்டது. "ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று எங்கள் நம்பர் ஒன் சொன்னார். பீரங்கிக்குப் பொறுப்பான ஹவில்தாரை அப்படித்தான் சொல்வோம். கொஞ்சம் சரியாகவும் செய்தது. மறுபடி அடைத்தது. பத்து நாளைக்குப் பிறகு அடைப்பு போய் இந்தச் சில்வண்டு வந்து உட்கார்ந்தது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பின்னால்தான். திருவனந்தபுரம் பாங்கோடு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்த டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லித் தந்தார். உள்காதில் நத்தை ஓடுபோல ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் புல் முளைத்ததுபோல மயிரிழைச் செல்கள். சத்தம் வரும்போது அந்தப் புல் அசைகிறது, அந்த அசைவுதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. பெரிய சத்தம் புல்லை மிதித்துவிடும். ஒருதடவை, இரண்டுதடவை மிதித்தால் நிமிர்ந்துகொள்ளும். தொடர்ந்து மிதித்தால் செத்துவிடும். செத்தால் மனிதனுக்கு அது திரும்ப முளைக்காது. 140 டெசிபெல்லைத் தாண்டிய வெடிச்சத்தம் என்றால் ஒரே தடவையில்கூடக் கெடுதல் நடக்கலாம். பீரங்கிப் பக்கத்தில் அதற்கு மேலே இருக்கும்.

முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். அந்தச் சோதனைத் தாளில் என் கோடு 4,000 ஹெர்ட்ஸ் என்ற இடத்துக்கு வந்ததும் கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதி, அவை கேட்கும். ச, த, க, ப எல்லாம் மேலே இருக்கின்றன, அவை விழாது. சட்டை, கட்டை, தட்டை மூன்றும் எனக்கு ஒரே சொல். ஆம்பிளைக் குரல் ஓரளவு பிடிபடும். பெண் குரலும் குழந்தைக் குரலும்தான் போய்விட்டன. பேத்தி மடியில் உட்கார்ந்து "தாத்தா, கதை சொல்லு" என்கிறாள். வாய் அசைவதைப் பார்த்துத்தான் அது கதை என்று தெரிந்துகொள்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் எனக்கு அது வெறும் காற்று.

எங்கள் பக்கத்தில் பழைய ஆள்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். "கேட்டியளா" என்பார்கள். என் வீட்டுக்காரியும் அப்படித்தான். லீவில் வந்தபோதும், ஓய்வு பெற்று வந்த பிறகும், அடுக்களையிலிருந்து அவள் "கேட்டியளா... கேட்டியளா" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. பட்டாளத்துக்குப் போய்வந்த மனுஷனுக்கு நம்மேல் என்ன கோபமோ, பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருகட்டத்தில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேசைமேல் இருக்கும், காப்பி பக்கத்தில் வந்து இருக்கும், பேச்சு இருக்காது. நானோ, வீட்டில் ஏன் இப்படி ஒதுங்கிப்போகிறார்கள் என்று நினைத்துக் குமைந்தேன். கேண்டீன் ரம் அந்த வருஷங்களில்தான் ராத்திரிக்கு ஒன்றிலிருந்து மூன்றாயிற்று. 2014-ல் விட்டேன். விட்டதற்குக் காரணம் சர்க்கரை இல்லை. காது சோதனைத் தாளைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். "அப்போ நீங்க கேக்காமலா இருந்திய?" என்று மட்டும் கேட்டாள்.

பதினைந்து வருஷம். ஒரு காகிதம் முன்னாலேயே இருந்திருந்தால் அந்தப் பதினைந்து வருஷம் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

அந்தக் காகிதம் ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் உடம்பை ‘ஷேப்' என்று ஐந்து எழுத்தில் தரம் பிரிப்பார்கள். மனநிலை, காது கேட்பது, கை கால், பொது உடல்திறன், கண் பார்வை. எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் ‘ஷேப் ஒன்'. ஒன்றில் இறங்கினாலும் லோ மெடிக்கல் கேட்டகரி. கேட்டகரி விழுந்தால் பிரமோஷன் இடிக்கும், கோர்ஸ் கிடைக்காது, பட்டாளத்தில் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறும். அதனால் மறைப்போம். காது கேட்கும் சோதனை என்றால் பழைய நாளில் டாக்டர் பின்னால் நின்று மெல்லப் பேசுவார், நாம் திருப்பிச் சொல்லவேண்டும். எதிரே நிற்கும் நண்பன் வாயசைத்துக் காட்டிவிடுவான். 2009-ல் வெளியே வரும்போது கடைசி மெடிக்கல் நடக்கும். ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை சாப் என்றேன். ரயில் டிக்கெட் எடுத்திருந்தது. வீட்டுக்குப் போகவேண்டும், வேறு எதுவும் மனதில் இல்லை. ஒன்றும் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சட்டம் அப்படி ஒன்றும் கண் மூடிக்கொண்டு இல்லை. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது முக்கியமானது. சேரும்போது நோய் ஒன்றும் பதிவாகவில்லை, நல்ல உடம்போடுதான் எடுத்தார்கள். பிறகு குறைபாடு வந்தால் அது சேவையால் வந்ததாகவே கொள்ளவேண்டும், இல்லை என்றால் இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது என்றது தீர்ப்பு. அதைக் கொண்டு எத்தனையோ பேர் ராணுவத் தீர்ப்பாயத்தில் ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கியிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் விதிகள் புதிதாக வந்தன. விதி எதுவானாலும் கடைசியில் கேட்பது பழைய மெடிக்கல் தாளைத்தான். என்னிடம் இருக்கும் தாள், எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே எழுதிக்கொடுத்தது.

எங்கள் தெருவில் எனக்கு மூத்த ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட். சியாச்சின் பனிமலையில் இருந்தவர். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. பனிக்கடி. பனியில் ரத்த ஓட்டம் நின்று, விரல் முதலில் வெளுத்து, பிறகு கறுத்து, கடைசியில் எடுக்கவேண்டியதாயிற்று. அவருக்கும் பிற்பாடு சர்க்கரை வந்தது. இங்கே ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, இளம் டாக்டர் காலைப் பார்த்த உடனே, "சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதால் விரல் போயிருக்கு, இனியாவது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுங்க" என்று கடிந்திருக்கிறார். அண்ணன் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த ஆறுமாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குளிர் என்றால் மார்கழியில் ஒரு போர்வை என்று பழகிய ஊர் இது, பனிக்கடியை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார். ஆனால் "விரல் எப்படிப் போச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் போஸ்டில் 19 மெட்ராஸைச் சேர்ந்த பத்துப் பேரை பனிச்சரிவு மூடியது. பத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், நாடே பேசியது. பிப்ரவரி 11-ல் டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த ஒருவாரமும் நம்ம அண்ணன் டிவி முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை. அவர் பார்த்தது எல்லோரும் பார்த்த செய்தி இல்லை. "காலை மூடியிருப்பானா, சாக்ஸ் மாத்தியிருப்பானா" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சியாச்சினில் நம் படை ஏறியது 1984 ஏப்ரலில். அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் அங்கே போய் இறங்கியிருப்பார்கள். இறந்தவர் பேர் கல்லில் இருக்கிறது. விரலையும் நுரையீரலையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தவர் இந்த மாதிரித் தெருக்களில் இருக்கிறார்கள்.

இனி, தம்பிமார் கேட்ட டிவிக்கு வருகிறேன். 2025 மே மாதத்தைச் சொல்கிறேன், எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 22-ல் பகல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். மே 7 அதிகாலை 1.05-லிருந்து 1.30 வரை, இருபத்தைந்து நிமிஷம், ஒன்பது இடங்களை நம் படை அடித்தது. மே 10-ல் சண்டை நின்றது. அந்த நாலு நாளும் நான் தூங்கவில்லை. டிவியில் சத்தம் எனக்கு வராது, கீழே ஓடும் எழுத்தைத்தான் படிப்பேன். 8-ம் தேதி ராத்திரி சில சேனல்களில் கராச்சித் துறைமுகம் எரிகிறது, அந்த ஊர் விழுந்தது, இந்த ஊர் விழுந்தது என்று எழுத்து ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாள் பார்த்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படை நடமாட்டத்தை நேரலையாகக் காட்டாதீர்கள் என்று பாதுகாப்பு அமைச்சகமே சொல்லவேண்டி வந்தது. வான்தாக்குதல் சைரனை நிகழ்ச்சியில் போடாதீர்கள் என்று தனியாக இன்னொரு அறிவுறுத்தல் வந்தது. அது வந்தபோது நான் உண்மையில் கும்பிட்டேன். அந்த சைரன் ஒலியின் தாழ்ந்த பகுதி என் காதுக்குக் கேட்கும். கேட்டவுடன் உள்ளங்கை வியர்த்துவிடும். மே 9 காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 240, பிரஷர் 170. மாத்திரை ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

பிள்ளைகள் கேட்டார்கள், "மாமா, யாரு ஜெயிப்பா?" என்று. நான் அப்போது ஒரு பேரைத் தேடிக்கொண்டிருந்தேன். மே 7-ல் பூஞ்ச் பக்கம் எதிரிக் குண்டுவீச்சில் லான்ஸ் நாயக் தினேஷ் குமார் இறந்தார். 5 பீல்டு ரெஜிமென்ட். பீரங்கிக்காரன். ஹரியானாப் பையன். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நின்ற இடம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், மண் எப்படி எழும்பியிருக்கும் என்று தெரியும். சீன எல்லையில் கல்வானில் 2020 ஜூன் 15-ல் இருபது பேர் இறந்தபோதும் இப்படித்தான். அதில் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி இருந்தார், அவரும் பீரங்கிப் படை. ராணுவச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது எந்த ஆயுதம் என்றில்லை. எந்த யூனிட், எத்தனை அடி உயரம், எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார்கள், கூட இருந்தவர்களில் காயம் எத்தனை. இறந்தவர் எண்ணிக்கை எப்படியும் வந்துவிடும். காயம்பட்டவர் எண்ணிக்கை ஒருநாள் வரும், மறுநாள் காணாமல் போய்விடும். அந்த ஆளோ அடுத்த நாற்பது வருஷம் காயத்தோடு இருப்பான்.

நம்ம ஊரிலேயே இப்போது அக்னிவீரராகப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022 ஜூன் 14-ல் அறிவித்த திட்டம். நாலு வருஷம் சேவை. கால்வாசிப் பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் பதினொன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான, சேவாநிதி என்ற மொத்தத் தொகையோடு வீட்டுக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறதே, நாங்கள் எல்லாம் கார்டு வைத்துக்கொண்டு மருந்து வாங்குகிறோமே, அதுவும் கிடையாது. திட்டம் நல்லதா கெட்டதா என்று கட்சிக்காரர்கள் பேசட்டும். என் கவலை ஒன்றுதான். நாங்கள் பிரமோஷனுக்காகக் காதை மறைத்தோம். இந்தப் பிள்ளைகள் நாலில் ஒரு இடத்துக்காகப் போட்டி போடுகிறார்கள். எனக்குக் காதில் இரைச்சல், முழங்காலில் வலி என்று அவர்களில் எவன் வாய் திறப்பான்? சேவையால் ஊனம் வந்தால் அவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சேவையால்தான் வந்தது என்று மெடிக்கல் போர்டு எழுதவேண்டும், எழுதுவதற்கு ஒரு பதிவு இருக்கவேண்டும். போன மாதம் லீவில் வந்த ஒரு பையனிடம் பேசினேன். அவனும் பீரங்கிதான். சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் காது கூவும் மாமா, அப்புறம் சரியாகிவிடும் என்று சிரித்தான். எங்கள் நம்பர் ஒன் சொன்ன அதே ரெண்டு நாள். "மக்கா, அதை எம்.ஐ. ரூமில் போய் எழுத வை" என்றேன். எம்.ஐ. ரூம் என்றால் யூனிட்டில் டாக்டர் பார்க்கும் அறை. எழுதினால் எடுக்கமாட்டார்கள் என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எழுதினால் இன்றைக்கு நஷ்டம், எழுதாவிட்டால் நாற்பது வயதில் நஷ்டம். இரண்டில் ஒன்றைப் பத்தொன்பது வயதுப் பையன் எடுக்கவேண்டும் என்ற நிலைமையே சரியில்லை. நோயைச் சொன்னவனை அதற்காகவே வெளியே அனுப்பமாட்டோம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லவேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

நாம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போயிருப்பீர்கள். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, பிடிபட்ட டிலனாய் பிற்பாடு ராஜாவின் தளபதியானார். இந்தக் கோட்டைக்குள் உலை வைத்துப் பீரங்கி வார்த்தார்கள். டிலனாய் 1777-ல் இறந்தார். கல்லறை உள்ளேதான் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. குளச்சலில் வெற்றித்தூண் இருக்கிறது, இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் வந்து மலர்வளையம் வைத்து மரியாதை செய்கிறார்கள். நான் அந்தக் கோட்டைக்குப் போனால் உலை எங்கே இருந்திருக்கும் என்று பார்ப்பேன். வார்த்த பீரங்கியைச் சுட்டுப் பார்த்திருப்பார்கள். சுட்டவன் நம்ம ஊர்க்காரன். சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பான். அவன் பெண்டாட்டியும் அடுக்களையிலிருந்து "கேட்டியளா" என்று கூப்பிட்டிருப்பாள். அவனைப் பற்றி ஒரு வரி எங்கும் இல்லை. இருநூற்றெழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிவைக்க ஆள் இல்லை என்று விட்டுவிடலாம். இன்றைக்கு அப்படி விட முடியாது.

பென்ஷன் விஷயமும் ஒரு சொல். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் வயசான ஆள்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், அந்த செப்டம்பரில் அறிவித்தார்கள், 2014 ஜூலை முதல் கணக்கு. அதனால் என்னைப் போன்றவர்களுக்குக் கை நிமிர்ந்தது. நன்றியோடுதான் சொல்கிறேன். நவம்பர் வந்தால் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கவேண்டும். நம்ம மாவட்டத்தில் நவம்பர் 1 தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள், லீவு. மறுநாளிலிருந்து எங்கள் ஆள்கள் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நிற்பார்கள். ரப்பர் பாலிலும் ஆசிட்டிலும் பத்து வருஷம் கையை வைத்தவனுக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும், மெஷின் எடுக்காது. பலதடவை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு மனம் உடைந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் படம் பிடித்தும் சான்று கொடுக்க இப்போது வழி இருக்கிறது. போன் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் தாத்தாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்துக்கொடுங்கள், பத்து நிமிஷ வேலை.

மருந்து வாங்கப் போகும் இடத்தில் எங்கள் ஆள்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார்கள். 71 சண்டையில் இருந்த ஒரு பெரியவர் வருவார், அவரும் பீரங்கி. இரண்டு பேருக்கும் கேட்காது. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நடுவில் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் படையில் இருந்த ஒருத்தரை உட்கார வைத்துக்கொள்வோம், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கண்தான் மங்கல். எங்கள் நம்பர் வந்ததும் அவர் தோளில் தட்டுவார். அவர் மாத்திரை அட்டையில் இருக்கும் பேரை நாங்கள் வாசித்துக் கொடுப்போம்.

கூட்டம் முடிந்ததும் நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் முன்னாள் படைவீரர் இருந்தால், அவர் போய்விட்டார் என்றாலும் அவர் மனைவி இருந்தால், டிஸ்சார்ஜ் புக்கையும் பழைய மெடிக்கல் தாள்களையும் ஒருநாள் எடுத்துவாருங்கள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்குக் கையில் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கேயே இருப்பேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம். லீவில் இருக்கும் பிள்ளைகளும் வாருங்கள். பேசும்போது என் இடது பக்கம் வந்து உட்காருங்கள்.